சொட்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிடம்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து, திருச்சியில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று கையில் இரண்டு சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். ஒன்று ஆறு வேளை, இன்னொன்று நான்கு வேளை. ஒன்றைப் போட்டபின் அடுத்ததற்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் போடுவது முன்னால் போட்டதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். அந்த ஐந்து நிமிடமும் கண்ணை மூடியே இருக்க வேண்டும்.

சும்மா படுத்திருப்பது அம்மாவுக்குத் தெரியாத வேலை. அறந்தாங்கிப் பக்கம் கிராமத்தில் விடியற்காலையில் எழுந்து ஓடிக்கொண்டே இருந்த உடம்பு. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை "ஆச்சாடி?" என்று கேட்பார். "இன்னும் நாலு நிமிஷம்மா." "கடிகாரம் ஓடுதா பாருடி." இரண்டாவது நாள் பொறுக்க முடியாமல், பக்கத்தில் கிடந்த நாவலை எடுத்து, "சரி, கதை சொல்றேன், கண்ண மூடுங்க" என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அம்மா எட்டாவதோடு நின்றவர், ஆனால் படிப்பாளி. வார இதழ்களில் வரும் தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி பைண்டு போட்டு வைப்பார். ஊரில் பாதிப் பெண்கள் எங்கள் வீட்டில்தான் கதை இரவல் வாங்குவார்கள். இப்போது பழைய கண்ணாடி பொருந்தவில்லை, புதுக் கண்ணாடிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை எழுத்து இல்லாமல் இருக்க வேண்டும்.

என் நிலைமை அதைவிட மோசம். எனக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் வாங்கிய புத்தகங்களில் ஒன்றையும் நாற்பது பக்கம் தாண்டவில்லை. ஆபீஸ் முடிந்து வந்தால் போனைத் தடவிக்கொண்டே தூங்கிவிடுவேன். அதனால் நடந்ததை அம்மாவுக்குச் செய்த சேவை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

முதலில் எடுத்தது தப்பான புத்தகம். எல்லோரும் புகழ்ந்த ஒரு திகில் நாவல். மூன்றாவது பக்கத்திலேயே ஒரு பெண்ணின் உடலை நாசூக்கில்லாமல் கூறு போடுகிறார்கள். நான் வார்த்தையை மென்று விழுங்குவதை அம்மா கண்டுபிடித்துவிட்டார். "வேண்டாம்டி. கொலை நடக்கட்டும், யாரு என்னன்னு கேட்டுக்கலாம். அறுக்கிறதையெல்லாம் ஏன் பக்கத்துல நின்னு பாக்கணும்?" கதவுக்குப் பின்னால் ஐந்தாவது படிக்கும் என் மகளும் நின்றுகொண்டிருந்தாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அம்மா கேட்டது என்னவோ, அதற்கு ஆங்கிலத்தில் கோஸி மிஸ்ட்ரி என்று பெயரே இருக்கிறது. சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கொலை மேடைக்குப் பின்னால் நடக்கும், ரத்தம் தெறிக்காது. துப்பறிவது போலீஸ் இல்லை, யாரோ ஒரு அத்தையோ கடைக்காரியோ. கடைசியில் முடிச்சு அவிழும், ஊர் பழையபடி டீ குடிக்கப் போகும். அம்மா இதற்கு "நோகாத கொலை" என்று பெயர் வைத்தார். அதைவிட நல்ல பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

நோகாத கொலைக்கு அகதா கிறிஸ்டியிலிருந்துதானே தொடங்க முடியும்? 1930இல் வந்த 'தி மர்டர் அட் த விகாரேஜ்', துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல். செயின்ட் மேரி மீட் என்ற கிராமம். பாதிரியாரின் படிப்பறையில் கர்னல் புரோதெரோ சுடப்பட்டுக் கிடக்கிறார். கதையைச் சொல்பவரே பாதிரியார்தான்.

இங்கே எனக்கு முதல் அடி விழுந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழாக்கிக்கொண்டே போனேன். அம்மா, "யாருடி இப்படிப் பேசுவாக? நீ ரேடியோ செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். மறுநாளிலிருந்து முறையை மாற்றினேன். முந்தின இரவே பத்துப் பக்கம் படித்து, விடவே கூடாத இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். காலையில் ஒரு பத்தியைக் கண்ணால் ஓட்டி, புத்தகத்தை விரல் வைத்து மூடிவிட்டு, பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வது மாதிரி சொல்வேன். கோடு போட்ட இடம் வந்தால் மட்டும் புத்தகத்தைத் திறந்து உள்ளபடி சொல்வேன். துப்பறியும் கதையில் இது முக்கியம். ஆசிரியர் போகிற போக்கில் வீசிய ஒரு சொல்லை நாம் சுருக்கிவிட்டால், கடைசியில் கேட்பவர்கள் ஏமாற்றிவிட்டாய் என்பார்கள். நானே ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த தொல்லை பெயர்கள். கிரிசெல்டா, லெட்டிஸ், ஹேடாக், ஹார்ட்னெல், வெதர்பி, பிரைஸ் ரிட்லி. இரண்டாம் நாளே அம்மா, "இவ யாரு? நேத்து வந்தவளா?" என்று நிறுத்திவிட்டார். பெயர்களைத் தூக்கிவிட்டு ஆளுக்கு ஒரு தொழிலையோ உறவையோ வைத்தோம். பாதிரியார், பாதிரியார் பொண்டாட்டி, கர்னல், கர்னல் மக, ஓவியக்காரன், டாக்டர், அப்புறம் மூன்று ஊர்க் கிழவிகள். என் மகள் பழைய நோட்டின் பின்பக்கத்தில் ஆள் ஆளுக்கு ஒரு கட்டம் போட்டு, சந்தேகம் வந்தால் புள்ளி வைப்பாள். யாருக்கு அதிகப் புள்ளி என்று ராத்திரிச் சாப்பாட்டில் தகராறு நடக்கும்.

"பாதிரியாருக்குப் பொண்டாட்டியா?" என்று அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் அவருக்குத் தெரிந்தது கத்தோலிக்கச் சாமியார்கள்தான். "இது சி.எஸ்.ஐ. மாதிரிம்மா" என்றேன். இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்த சபைகளும் சேர்ந்து 1947இல் உருவானதுதானே தென்னிந்தியத் திருச்சபை, அங்கே ஐயர் என்று கூப்பிடும் போதகர்களுக்குக் குடும்பம் உண்டு. "அதச் சொல்லு மொதல்ல" என்று திரும்பவும் படுத்துக்கொண்டார். இந்த ஒரு வார்த்தையில் தீர்ந்த விஷயத்தை நான் கால் மணி நேரம் விளக்கத் தயாராக இருந்தேன்.

கதையின் ஆரம்பத்திலேயே பாதிரியார், கர்னலைக் கொல்கிறவன் உலகத்துக்கே நல்லது செய்தவனாவான் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லித் தொலைக்கிறார். "வாய வச்சான் பாரு!" இது அம்மா. பாதிரியார் தன் அறைக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் ஓட விட்டிருப்பார், நேரம் தவறாமல் இருப்பதற்காக. எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடுவது. மகளின் பள்ளி வேனுக்காக நான் வைத்தது. ஆகவே கொலை நடந்த நேரத்தைப் பற்றிய குழப்பம் எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை.

ஆனால் அம்மாவைப் பிடித்துப் போட்டது வேறு. மிஸ் மார்ப்பிள் எந்நேரமும் தோட்டத்தில் எதையாவது கிளறிக்கொண்டிருப்பார். பறவை பார்க்கிறேன் என்று தூரநோக்கியும் வைத்திருப்பார். தோட்ட வேலையைப் போல ஒரு மறைப்பு வேறில்லை என்று அவருக்குத் தெரியும். இதைச் சொன்னபோது அம்மா மூடிய கண்ணோடு சிரித்தார். "வாசல்ல கோலம் போடுறவளுக்குத் தெரியாம தெருவுல ஒண்ணு நடக்குமா? குனிஞ்சேதான் இருப்பா. ஆனா எந்த வீட்டுக் கதவு எப்ப தெறந்துச்சு, யாரு செருப்பு எந்த வாசல்ல கெடந்துச்சு, எல்லாம் அவ கணக்குல இருக்கும்."

இந்த நாவலைக் கல்லூரியில் ஒரு தடவை படித்திருக்கிறேன். அப்போது புத்திசாலித்தனமான புதிர் என்று மட்டும்தான் தோன்றியது. இந்தத் தடவைதான் கவனித்தேன்: அங்கே யாரும் அந்தக் கிழவியைப் பொருட்படுத்துவதில்லை, அவர் எதிரிலேயே எதையும் பேசுகிறார்கள். அவருடைய ஆயுதமே அதுதான். இத்தனை நாளாக என் வீட்டில் எல்லோரும் அம்மாவின் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது. கண் மூடியிருந்தால் காதும் மூடியிருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

அந்த நாவல் பதினெட்டு நாள் ஓடியது. கொலையாளியை அம்மா கண்டுபிடித்தாரா என்று கேட்காதீர்கள். பாதி சரி, பாதி தப்பு. யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

அடுத்து நான் நேராக ஆப்பிரிக்காவுக்குப் போனேன். அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி', 1998இல் வந்தது. போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில் பிரெஷஸ் ரமோட்ஸ்வே என்ற பெண், அப்பா விட்டுப்போன மாடுகளை விற்றுத் துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறார். "மாட்டையா வித்தா?" என்று அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. எங்கள் பக்கம் மாடு விற்பது கடைசி வழி. அங்கேயும் மாடுதான் சொத்து என்பதால் அந்த அதிர்ச்சி சரியான இடத்தில்தான் விழுந்தது.

ஐந்து நிமிட வாசிப்புக்கு இதைப்போல ஒத்துவரும் புத்தகம் கம்மி. பெரிய கொலை ஒன்றை இழுத்துக்கொண்டு போகாமல், சின்னச் சின்ன வழக்குகளாகவே நகர்கிறது. முதல் வழக்கு: ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஒருவன் வந்து நான்தான் உன் காணாமல்போன அப்பா என்று உட்கார்ந்துகொள்கிறான், தின்றே தீர்க்கிறான். ரமோட்ஸ்வே நர்ஸ் உடையில் போய், உன் மகள் விபத்தில் அடிபட்டிருக்கிறாள், நிறைய ரத்தம் வேண்டும், கொடுப்பவர் உயிருக்கே ஆபத்து வரலாம், அப்பாதானே, வாருங்கள் என்கிறார். அதற்குமேல் சொல்ல வேண்டுமா? அம்மா படுத்தபடியே கையைத் தட்டினார். "இது மரியாதை ராமன் கணக்கால்ல இருக்கு!"

இன்னொரு சின்ன சந்தோஷம். அந்த ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்க 'ம்மா' என்கிறார்கள். நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "சொல்லுங்கம்மா", "அப்படியா ம்மா" என்று அப்படியே வந்து விழுந்தது. கபரோனியில் நடக்கும் பேச்சு புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் கேட்பது மாதிரியே இருந்தது.

இதற்கிடையில் மகளுக்குப் பொறாமை. எல்லாம் பெரியவர்கள் கதையாகவே இருக்கிறதாம். சரி என்று எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசையில் முதல் புத்தகத்தை எடுத்தேன். 1942இல் தொடங்கி 1963 வரை இருபத்தோரு நாவல்கள். நான் சிறுமியாக இருந்தபோது பள்ளி நூலகத்தில் ஒன்று விடாமல் தின்றவை.

முதல் அத்தியாயத்திலேயே அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளை விட்டுவிட்டு ஸ்காட்லாந்து போய்விடுகிறார்கள். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவங்க மட்டும் போயிட்டாங்களா? ஜாலிதான்." ஜாலி அவர்களுக்கா பிள்ளைகளுக்கா என்று நான் கேட்கவில்லை. பையன் மாதிரி முடி வெட்டிக்கொண்டு, ஜார்ஜினா என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்காத ஜார்ஜ் அவளுக்கு உயிர். கிர்ரின் தீவு, இடிந்த கோட்டை, மூழ்கிப்போய்ப் புயலில் மேலே வந்த கப்பல் எல்லாம் வேலை செய்தன. ஆனால் இரண்டாம் மூன்றாம் புத்தகத்தில் எப்போது பார்த்தாலும் ஆன் என்ற தங்கை பாத்திரம் கழுவுவதும் அண்ணன்மார் உத்தரவு போடுவதும் வந்தபோது, "அவ ஏன் இதையே செய்யணும்?" என்றாள். பதில் சொல்லாமல் அந்த இடத்தில் நிறுத்தி அம்மாச்சியிடம் கேட்கச் சொன்னேன். "எங்க காலத்துல அப்படித்தான்" என்று தொடங்கிய அம்மா, தன் அண்ணன்மார் கதை நான்கைச் சொல்லி முடிப்பதற்குள் சொட்டு மருந்து நேரம் முடிந்துவிட்டது. அன்று புத்தகம் ஒரு வரி நகரவில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் சிறந்த நாள்.

பிளைட்டனை இப்போது திரும்பப் படித்தால் ஒன்று போதும், இரண்டு தாராளம் என்பது என் கட்சி. மூன்றாவதில் சுரங்கப்பாதை எப்போது வரும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்த இரண்டு மாதத்தில் படித்ததில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 1929இல் ஜெர்மன் மொழியில் வந்த ஒரு சிறுவர் நாவல். எரிக் கெஸ்ட்னரின் 'எமிலும் துப்பறிவாளர்களும்'. நான் ஆங்கில வழியாகப் படித்தேன்.

எமில் என்ற பையன் சிற்றூரிலிருந்து பெர்லினில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு ரயிலில் தனியாகப் போகிறான். அம்மா தலைமுடி அலங்காரம் செய்து பிழைப்பவர். அவர் சேர்த்த நூற்று நாற்பது மார்க்கை அவன் கோட்டு உள்பையில் வைத்துக் கொடுத்தனுப்புகிறார். ரயிலில் கழிப்பறைக்குள் போய் எமில் அந்த நோட்டுகளை ஒரு ஊசியால் கோட்டின் உள்துணியோடு சேர்த்துக் குத்திக்கொள்கிறான். நான் இந்த இடத்தில் பென்சில் கோடு போட்டிருந்தேன், ஆனால் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா கண்ணைத் திறந்துவிட்டார்.

"கண்ண மூடுங்கம்மா."

"ஓட்டை விழுந்திருக்குமேடி நோட்டுல."

இன்னும் திருட்டே நடக்கவில்லை. பெட்டியில் சாக்லேட் கொடுத்த தொப்பிக்காரன் மேல் மகளுக்கு இன்னும் சந்தேகமே வரவில்லை. நாற்பது பக்கத்துக்கு அப்புறம் வரப்போவதை அம்மா மூடிய கண்ணுக்குள் பார்த்துவிட்டார். காரணம் தெரிந்ததுதான். ரவிக்கைக்குள் பர்ஸோடு ஒரு ஊக்கு, பர்ஸுக்குள் நோட்டைச் சேர்த்து இன்னொரு ஊக்கு இல்லாமல் அம்மா பஸ் ஏறியதில்லை. அவர் தரும் பணத்தில் எப்போதும் ஓட்டை இருக்கும்.

நான் அவர் காதில் மட்டும், "பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றேன். பதினோரு நாள் சொல்லவில்லை. உறங்கி விழித்தால் பணம் இல்லை, தொப்பிக்காரனும் இல்லை. பாட்டி காத்திருக்கும் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்துக்கு முன்னாலேயே, ஸோ நிலையத்தில் திருடனைப் பார்த்து எமில் இறங்கிவிடுகிறான். "ஏன் போலீஸ்ட்ட போகலை?" என்று மகள் கேட்டாள். ஊரில் ஒரு சிலையின் மூக்குக்கு எமில் சிவப்புச் சாயம் பூசியிருந்தான், போலீஸ்காரரைக் கண்டாலே அவனுக்குக் குலை நடுக்கம். பெரியவர்களிடம் போக முடியாததற்கு இப்படி ஒரு காரணம் வைப்பதில்தான் கெஸ்ட்னர் பிளைட்டனைவிட உசத்தி என்பேன். அம்மா அப்பாவை ஸ்காட்லாந்துக்கு அனுப்பத் தேவையில்லை. குற்ற உணர்ச்சியே போதும்.

அப்புறம் ஹாரனோடு வரும் குஸ்டாவ், அவன் திரட்டும் தெருப் பிள்ளைகள், பெர்லின் முழுக்கத் துரத்தல். எல்லாம் அருமை. ஆனால் எங்கள் வீட்டில் ஜெயித்தது ஒரு குட்டிப் பையன். டீன்ஸ்டாக் என்று பெயர், ஜெர்மனில் செவ்வாய்க்கிழமை என்று பொருள். அவன் வேலை வீட்டிலேயே டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவனுக்குத்தான் தகவல் வரும். துரத்தலை அவன் பார்க்கவே இல்லை. ஆசை இருந்தும் இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் எமிலின் பாட்டி எல்லோர் முன்னாலும் அவனைத்தான் தனியாகப் பாராட்டுகிறார்.

இதைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கணும்ல ஒரு ஆளு வீட்டுல" என்றார். அவ்வளவுதான். இரண்டாவது சொட்டு போட ஏழு நிமிடமாகிவிட்டது.

நான் பிள்ளையிடம் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒன்று உண்டு. 1933 மே மாதம் நாஜிகள் பெர்லினில் புத்தகங்களை எரித்தபோது கெஸ்ட்னரின் நூல்களும் நெருப்பில் போடப்பட்டன. அவர் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தார். இந்த நாவல் 1931இல் படமானது. அதில் டீன்ஸ்டாக்காக நடித்த சிறுவன் வளர்ந்து, இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாகச் செத்துப்போனான். இரவில் தனியாக இதைப் படித்துவிட்டு விளக்கை அணைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மகள் இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும்.

இந்தப் புத்தகத்தில் நான் பணத்தை விட்ட கதையும் இருக்கிறது. மகளின் தோழிக்குப் பிறந்தநாள் பரிசாக இதையே வாங்கினோம். விலை பாதியாக இருக்கிறதே என்று இணையத்தில் வேறொரு பதிப்பை ஆர்டர் செய்தேன். பளபள அட்டை, அறுபது பக்கம். பரிசுத்தாள் சுற்றுவதற்கு முன் மகள் புரட்டிப் பார்த்துவிட்டு அழாத குறையாக வந்தாள். "டீன்ஸ்டாக் இல்லம்மா இதுல!" நிஜமாகவே இல்லை. கதையைச் சுருக்கியவர் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனால் என்ன பயன் என்று வெட்டிவிட்டார் போலிருக்கிறது. சிறுவர் நூல் வாங்கும்போது இப்போது நான் மூன்று விஷயம் பார்க்கிறேன்: பக்க எண்ணிக்கை மற்ற பதிப்புகளோடு ஒத்துப்போகிறதா, உள்பக்கத்தில் சுருக்கம் அல்லது தழுவல் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா, மொழிபெயர்ப்பாளர் பெயர் போட்டிருக்கிறதா. மூன்றாவது இல்லையென்றால் மற்ற இரண்டையும் பார்ப்பதே வீண்.

அவர்கள் தூங்கியபின் நான் எனக்காகப் படித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்', 2020. முதியோர் குடியிருப்பில் வாழும் நான்கு பேர் வியாழக்கிழமைதோறும் கூடி, தீராத பழைய கொலை வழக்குகளைக் கிளறுகிறார்கள். சிரிப்பும் சாவும் ஒரே தட்டில். அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். "பிள்ளைக யாரும் கூட இல்லையா?" என்றுதான் கேட்டார், வாசித்துக் காட்டவில்லை. ஹரிணி நாகேந்திராவின் 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்', 2022. 1921ஆம் ஆண்டுப் பெங்களூர், கணக்குப் பாடத்தில் உயிரை விடும் காவேரி என்ற இளம் மனைவி. புதிர் சுமார்தான், ஊரும் வீடும் பிரமாதம். அப்புறம் பூனை, கேக், பின்னல் நூல் என்று அட்டை போட்ட சிலவற்றையும் வரிசையாகப் படித்தேன். ஐந்தாவதில் திகட்டிவிட்டது. செத்தவனுக்காக யாரும் ஒரு சொட்டு கண்ணீர்கூட விடாத கொலைக் கதையைத் தொடர்ந்து படித்தால், வெறும் வயிற்றில் அதிரசம் தின்றது மாதிரி இருக்கிறது. இரண்டுக்கு நடுவே வேறு ஏதாவது படிக்க வேண்டும்.

அந்த வேறு ஏதாவதை அம்மாவே கொடுத்தார். ஊரிலிருந்து தம்பி வந்தபோது பரணிலிருந்து பழைய சாக்கு மூட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். உள்ளே காலண்டர் அட்டை போட்ட தையல் புத்தகங்கள், நடுவில் ஒரு 'துப்பறியும் சாம்பு'. தேவன் 1942இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய கதைகள். அம்மாவிடம் இருந்தது பிற்பாடு எங்கோ வாங்கிய பதிப்பு, முதல் பக்கங்கள் கிடையாது.

சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. அசடு என்று பெயர் வாங்கியவர். அவர் எதையாவது உளறுவார், தடுக்கி விழுவார், தப்பான வீட்டுக்குள் நுழைவார். அங்கே திருடன் மாட்டிக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன் மட்டும் அதை மேதைமை என்று நம்புவார். மார்ப்பிளும் டீன்ஸ்டாக்கும் பழகிய காதுக்கு இது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மார்ப்பிளை ஊர் குறைத்து மதிப்பிடுகிறது, அவர் கெட்டிக்காரர். சாம்புவை ஊர் சரியாகத்தான் மதிப்பிட்டது, ஆனாலும் அவர்தான் ஜெயிக்கிறார். தேவன் அந்த வகைக் கதையையே கையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார். பழைய மெட்ராஸ் வீட்டுப் பேச்சு மகளுக்கு முதல் இரண்டு கதையில் பிடிபடவில்லை. அம்மா பல இடங்களில் புத்தகம் பார்க்காமலே மேலே சொல்லிக்கொண்டு போனார். அன்றுதான் முதல் முறையாக நான் படுத்துக்கொண்டு கேட்டேன்.

புதுக் கண்ணாடி வந்த வாரம் மாவட்ட மைய நூலகத்தில் ஃபெலுடா கிடைத்தது, தமிழிலேயே. சத்யஜித் ராய் 1965இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழில் தொடங்கிய துப்பறிவாளர். அந்த இதழை 1913இல் ஆரம்பித்தவர் ராயின் தாத்தா. பிள்ளைகள் இதழுக்காக எழுதப்பட்டதால் ஆபாசமோ கோரமோ கிடையாது, ஆனால் மூளைக்கு முழு வேலை உண்டு. கதையைச் சொல்வது தோப்ஷே என்ற பள்ளிச் சிறுவன். கூட ஜடாயு என்ற புனைபெயரில் எழுதும் திகில் நாவலாசிரியர். தன் நாவல்களில் அவர் அள்ளி விடும் தகவல் பிழைகளை ஃபெலுடா திருத்துவார். அம்மாவும் பேத்தியும் ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொள்ளும் நிலை வந்தது. கடைசியில் ஒரே பிரதியில் இரண்டு அடையாள அட்டை: அம்மாவுக்குப் பஸ் டிக்கெட், மகளுக்கு மயிலிறகு. யார் முன்னால் இருக்கிறாரோ அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம். மீறினால் மறுநாள் பாத்திரம் கழுவ வேண்டும். அம்மா இரண்டு தடவை கழுவினார்.

வாசித்துக் காட்ட நினைப்பவர்களுக்கு என் கைப்பாடம் இன்னும் ஒன்றுதான் பாக்கி. அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள். ஆசிரியர் அங்கே கொக்கி போட்டிருப்பார், மறுநாள் அந்த அவசரத்தில் கேட்பவர்கள் நடுவில் பேசவே மாட்டார்கள். அத்தியாயத்தின் நடுவில், யாராவது சாப்பிட்டுக்கொண்டோ கதவைத் தட்டிக்கொண்டோ இருக்கும்போது நிறுத்தினால், அன்று முழுக்க வீட்டில் பேச்சு ஓடும். நான் இப்போது போனை எடுப்பதில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன். எடுக்கிறேன். ஆனால் படுக்கும்போது தலைமாட்டில் பென்சிலும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊருக்குக் கிளம்பினார். புதுப் பேருந்து நிலையத்தில் அறந்தாங்கி வண்டி ஏறும் முன், வழக்கம்போல ரவிக்கைக்குள் கையை விட்டு, பர்ஸை எடுத்து, ஊக்கைக் கழற்றி, பேத்தி கையில் இரண்டு ஐநூறு ரூபாயைத் திணித்தார். நான் வேண்டாம் என்றேன், அது எப்போதும் எடுபடாதது. அதற்கு மகள், "பணத்தை இப்படிக் கையில எடுத்துட்டுப் போகக் கூடாது அம்மாச்சி, தபால்லதான் அனுப்பணும்னு எமிலோட பாட்டியே சொல்லிருக்காங்க" என்றாள். "அந்தப் பாட்டிக்கு ஊக்கு போடத் தெரியல" என்று சொல்லிவிட்டு அம்மா படி ஏறினார்.

வண்டி திரும்பி மறைந்ததும் மகள் இரண்டு நோட்டையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டைகளை எண்ண ஆரம்பித்தாள்.